முதல் ஐந்து நிமிடம்

மருது இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்து விரற்கடை அளவு கிழக்கே திருப்பிவிட்டு, கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இப்பத் தெரியுதா?"

வரி வரியாய் ஓடுவதாக வீட்டுக்குள்ளிருந்து மகள் செல்லக்கிளி சொன்னாள். அவர் மறுபடியும் திருப்பினார். நாற்பதடி உயரத்தில் ஆண்டெனாவின் அலுமினியக் கம்பிகள் மெல்லத் திசை மாறின. கொழும்பு எந்தப் பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம். சமயநல்லூரில் எந்த மாடியில் ஏற்றி நிறுத்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவார். இன்றைக்கு என்னவோ சொந்த வீட்டுத் தளத்தில் அந்தத் திசை பிடிபடவில்லை. குழாய் சாயாமல் இழுவைக் கம்பியைப் பிடித்திருந்த மைத்துனன் மலையாண்டி, கீழே போய் அக்காவிடம் உட்காரும்படி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மருது காதில் வாங்காதவர்போல போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

காலையில்தான் மனைவி சோணையம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வயிற்றுக் கட்டி ஈரல்வரைக்கும் பரவிவிட்டது, வீட்டில் வைத்துக் கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும் வழியில் காரில், என்ன வேண்டும் என்று மருது கேட்டார். அவள் ஆட்டுக்கால் சூப்பும் கேட்கவில்லை, குலசாமி கோயிலும் கேட்கவில்லை. "நம்ம வீட்ல ஒரு டிவி வச்சுப் பாக்கணும்ய்யா" என்றாள். தெரிந்த வீட்டில் கலர் டிவி வாங்கியதும் ஒதுக்கிப்போட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வந்து அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தார். பதினொரு மணிக்குத் தளத்தில் ஏறியவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. இலங்கைக்காரன் ஒளிபரப்பைத் தொடங்குவதே சாயங்காலம்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

எண்பத்திரண்டில் மதுரைப் பக்கம் இலங்கை டிவி எடுக்கிறது என்று தெரியவந்தபோது, மருது மைக்செட் வேலையை விட்டுவிட்டு ஆண்டெனா கட்டப் போனார். குழாயை நிமிர்த்துவதும் பூஸ்டர் மாட்டுவதும் சுலபமாகத்தான் வந்தன. கீழே நின்று படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் சரியான ஆள் கிடைக்கவில்லை. முதல் நிழல் விழுந்ததுமே வீட்டுக்காரர்கள் போதும் போதும் என்பார்கள். மறுநாளே படம் சரியில்லை என்று ஆள் வரும். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சோணையம்மாளைக் கூட்டிப் போக ஆரம்பித்தார். அவள் பஞ்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மூன்றாவது மாடிக்கும் தெளிவாகக் கேட்கும். வீட்டுக்காரர் போதும் என்றாலும் ஒப்ப மாட்டாள்.

"மூஞ்சியில மூக்குத் தெரியட்டும்ய்யா, இன்னுங் கொஞ்சம் திருப்பு" என்பாள்.

அவள் 'தெரியுது' என்று சொல்லிவிட்டால் மருது போல்ட்டை இறுக்கிவிடலாம். அதற்குப் பிறகு குறை சொல்லி ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வந்ததில்லை.

படம் வந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் எத்தனையோ வீடுகளில் அவள் பார்த்ததெல்லாம் முதல் ஐந்து நிமிடம்தான். மருது அதுவும் பார்த்ததில்லை, அவர் மேலே இருப்பார். திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் கதை சொல்லுவாள். ஒரு பொம்பளை கடுதாசியை மடித்து வைத்துவிட்டு அழுதாள் என்பதுவரை பார்த்திருப்பாள். கடுதாசி யார் போட்டது, அந்தப் பொம்பளை அப்புறம் எங்கே போனாள் என்பதெல்லாம் அவளாகச் சொல்லுவது. சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கும்.

மேலூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குப் போய் வந்த அன்று, கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னாள். அந்த வீட்டம்மா அவளை உள்ளே விடாமல் வெளியே சன்னலில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"சன்னல் கம்பி குறுக்க நின்னுச்சு. அதான் ரெண்டு தடவ சேத்துத் திருப்பச் சொன்னேன்" என்றாள்.

அப்புறம் டேப் ரிக்கார்டரின் பெட்டி ஸ்பீக்கர்களை டிவியோடு இணைத்துத் தரச் சொல்லி அந்த வீட்டிலிருந்து மூன்று முறை ஆள் வந்தது. மருது போகவேயில்லை.

மணி ஆறு நெருங்கியது. தளத்தில் வெயில் தணிந்து காற்று ஏறியது. செல்லக்கிளியின் குரல் மறுபடி மேலே வந்தது.

"யப்பா, தெரியுதாம். அம்மா சொல்லச் சொல்லுச்சு."

மருது போல்ட்டை இறுக்கினார். ஸ்பானரை மலையாண்டி கையில் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினார். உள்ளே வந்து பார்த்தால் பெட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. உருவம் என்று ஒன்றுமில்லை. இரைச்சலுக்கு நடுவே யாரோ எங்கேயோ பேசுவதுபோல் இருந்தது. அவர் மகளைப் பார்த்தார். செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டு கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

கட்டிலில் சோணையம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மஞ்சளித்திருந்தது. பெட்டியைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே வரலையே சோணை."

"போதும்ய்யா. இங்கன உக்காரு."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கையெல்லாம் துரு. வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். சுள்ளிபோல் இருந்தது. காலையிலிருந்து சொல்ல நினைத்தது ஏதோ இருந்தது. ஆனால் "என்ன படம் ஓடுது?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவள் மெல்லப் பெட்டியின் பக்கம் தலையைத் திருப்பினாள். உதட்டோரம் லேசாகச் சுழித்தது.

"ஒரு பொம்பள கடலோரமா நிக்கிறா."

"தனியாவா?"

"தனியாத்தேன். புருசன் படகுல போயிருக்கான். மீன் நெறைய வச்சிருக்கான்... மெதுவாத்தேன் வருவான்."

குரல் மிஷின் நின்ற ஆலையிலிருந்து வருவதுபோல் சன்னமாக இருந்தது. மருது குனிந்து காதைக் கொடுத்தார். அந்தப் பொம்பளை சேலை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறாள் என்றாள். அப்புறம் மூச்சு வாங்கினாள். செல்லக்கிளி கஞ்சியோடு வந்தபோது, தூங்குகிறாள் என்று மருது சைகை காட்டினார். பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. தளத்திலிருந்து இறங்கிய மலையாண்டிதான் கிட்டே வந்து அக்காவின் மூக்கில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, போய் ஸ்விட்சை அணைத்தான்.

மறுநாள் காலையில் தெரு நிறைய ஆட்கள். ஆலையில் கூட வேலை பார்த்த பெண்கள் வந்து விழுந்து அழுதார்கள். மலையாண்டி பிறந்த வீட்டுக் கோடி போட்டான். ஆண்டெனா கட்டிய வீடுகளிலிருந்தும் சிலர் மாலையோடு வந்தார்கள். அவள் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. 'சத்தங் குடுக்குற அம்மா' என்று சொல்லித் தெருவில் விசாரித்திருக்கிறார்கள்.

மைக்செட் முத்திருளன் வாசல் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினான். மருதுவோடு முன்பு வேலை பார்த்தவன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் 'கும்' என்று ஒரே உறுமல். அழுகைக்கு மேலே அந்த உறுமல் நின்றது. அவனும் வயர்களை மாற்றி மாற்றிச் செருகினான், போகவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருது எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குந்தி, எர்த் வயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கி மாட்டினார். உறுமல் நின்றது. யாரையும் பார்க்காமல் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். முத்திருளன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

உச்சிவெயிலில் அடக்கம் முடிந்தது. கண்மாயில் முங்கிவிட்டு ஆண்கள் ஈரத்தோடு திரும்பினார்கள். சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராய்ச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் கொடியில் ஒரு சேலை கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது சோணையம்மாள் கட்டியிருந்த ஊதாச் சேலை. நேற்று மத்தியானம் செல்லக்கிளி அலசிப் போட்டது, காய்ந்து விறைத்திருந்தது. மருது அதைக் கொடியிலிருந்து உருவினார். பாதியாக மடிக்கப் பார்த்தார். ஒரு முனை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து உதறிவிட்டு மறுபடி மடித்தார். அது கைக்கு அடங்காமல் காற்றில் உப்பியது.

செல்லக்கிளி அடுப்பங்கரையிலிருந்து வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் விலகி நின்று சேலையை இழுத்து நேராக்கினார்கள். பிறகு அவள் தன் முனையை ஏந்திக்கொண்டு அப்பாவை நோக்கி நடந்து வந்தாள்.