தண்ணீரில்லாமல் மிதந்த நாற்பத்தொரு வீடுகள்

1969 ஐப்பசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, திருச்சுழி ரோட்டில் கோட்டைச்சாமி போட்ட காலனியின் நாற்பத்தொரு வீடுகளும் தரையைவிட்டு ஒரு முழம் உயர்ந்து நின்றன. மழை பெய்யவில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளிலேயே தண்ணீர் கிடையாது. உறியில் மோர்ப்பானை தானாக ஆடியதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. பால் ஊற்ற வந்தவர் செம்பை எக்கி வாங்கி, ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

யூனியன் ஓவர்சீயர் கருணாகரனுக்குச் சேதி டீக்கடையில் கிடைத்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். காரணம் அவருக்குத் தெரியும். காலனி நின்ற இடம் பதினொரு வருஷமாகத் தண்ணீர் காணாத கண்மாய். போன வருஷம் மனைகளைப் பார்வையிடப் போனவர், மடைக்கல்லின் மேலேயே நின்றுகொண்டு, ‘மேட்டு நிலம், குடியிருப்புக்கு ஏற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கோட்டைச்சாமியிடம் காசு வாங்கவில்லை. வாடகை வீட்டில் தறியோடு அல்லாடிய அக்கா லிங்கம்மாளுக்கு மூலை மனை கிடைத்தால் போதுமென்று நினைத்தார். கிடைத்தது.

அக்கா வீட்டுக்குள் ஏறிப்போனால், மச்சான் சென்னய்யா தறியடியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தறி வீட்டோடு மேலே வந்துவிட்டது. மிதிக்கட்டையோடு தறிக்குழி தரையிலேயே தங்கிவிட்டது. மிதிக்கட்டை காலுக்கு எட்டவில்லை.

“நீ வந்து பாத்துத்தானேடா கையெழுத்துப் போட்ட?” என்றாள் லிங்கம்மாள். கருணாகரன் ஆமென்று தலையாட்டினார்.

மாசியில் வீடுகள் இறங்கின. அடுத்த ஐப்பசியில் இடுப்பளவு, அதற்கடுத்த ஐப்பசியில் ஆள் உயரம். கோட்டைச்சாமி வீட்டுக்கொரு ஏணி கொடுத்து, நல்ல காற்று வரும் மனைகள் என்று நோட்டீஸ் அடித்து எம்.ரெட்டியபட்டி வரைக்கும் கொடுத்தார். அந்த வருஷம் ஏணி வழுக்கிச் சென்னய்யா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் கட்டிலைவிட்டு எழவேயில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கருணாகரன் நேராக ஆபீசுக்குப் போனார். ‘மேற்படி இடம் கண்மாய். தெரிந்தே மாற்றி எழுதினேன்’ என்று எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி இரண்டு தரம் வாசித்தார்.

“கண்மாய்னா தண்ணி எங்கய்யா?”

“தண்ணி இல்லைங்க. வீடு மிதக்குது.”

“மிதக்கிறதுக்கு ஃபாரத்துல எடமில்ல. நீரு தப்பா எழுதினதுக்கு இருக்கு.”

கருணாகரனுக்கு வேலை போயிற்று. காலனியின் அனுமதி ரத்தானது. நாற்பத்தொரு வீட்டையும் இடிக்க உத்தரவு வந்தது. கோட்டைச்சாமி மதுரைப் பக்கம் போய் வேறு காலனி போட்டார். இடிக்கிற ஆட்கள் அடுத்த மூன்று வருஷமும் ஐப்பசியில்தான் வந்தார்கள். கடப்பாரை போட அஸ்திவாரம் எட்டாமல் திரும்பினார்கள். ஆனாலும் வீடு தரையில் இறங்கியிருக்கும் மாதங்களில் காலனியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள்.

போக்கிடமில்லாத கருணாகரன் அக்கா வீட்டுக்கே வந்தார். மச்சானைத் தூக்கி உட்காரவைத்தார், குளிப்பாட்டினார், தறியும் ஓட்டினார். லிங்கம்மாள் சோறு போட்டாள், பேச்சில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் குழம்பு ஊற்றும்போது சொன்னாள்: “எழுதினது சரிதான். மொதல்லயே எழுதியிருக்கலாம்.” அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

எழுபத்தேழு ஐப்பசியில், வீடுகள் மேலே நின்றபோது, மழை பெய்தது. ஐந்து நாள் விடாமல் பெய்து, காலனிக்குள் தண்ணீர் புகுந்து ஏறி, வாசற்படிகளுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. ஒரு வீட்டிலும் பாய்கூட நனையவில்லை. ஆறாம் நாள் புது ஓவர்சீயர் பால்சாமி லாரி டியூபில் உட்கார்ந்து, குடையும் ஃபைலுமாக வந்து சேர்ந்தார்.

“இத என்னன்னுங்க எழுத?”

“கண்மாய்னு எழுதுங்க” என்றார் கருணாகரன். “தண்ணி நிக்குதுன்னு எழுதுங்க. நாப்பத்தொரு வீட்டுல ஆளு இருக்குதுன்னும் எழுதுங்க.”

பால்சாமி மூன்றையும் எழுதி, அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இடிக்கும் உத்தரவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. பங்குனியில் வந்த வீட்டுவரி ரசீதில், முகவரிக்கு நேரே ‘கண்மாய்க்கு மேல்’ என்று அச்சடித்திருந்தது.