பொட்டில்லாத நெற்றி

மூன்று மாதமாகச் சங்கரி பொட்டு வைப்பதில்லை. அதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய கணவர் வரதராஜா. கண்டதும் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மனுசன் கேட்கிற ஆள் இல்லை, உளவு பார்க்கிற ஆள்.

முப்பது வருசமாகச் சிவப்புப் பொட்டோடு தேத்தண்ணி நீட்டியவள் திடீரென்று வெறும் நெற்றியோடு நிற்கிறாள் என்றால் சும்மாவா? அவளை வேலைக்குக் காரில் ஏற்றிப்போகும் சத்தியபாமா போன வருசம்தான் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவள். இவளையும் இழுத்துவிட்டாளோ? அல்லது, புருசன் செத்தவன் மாதிரித்தான் என்று முடிவுகட்டிவிட்டாளோ? இந்த இரண்டாவது நினைப்பு வந்த நாட்களில் கராஜுக்குள் இருந்த விஸ்கிப் போத்தல் வழமையை விடச் சீக்கிரம் காலியானது. சிகரெட் ஒன்று அணைய முன்னர் அடுத்தது பற்றியது.

வேறு சதிகளும் நடந்துகொண்டிருந்தன. டிவி மங்கலாகத் தெரிந்தது. சங்கரி ரிமோட்டில் எதையோ அமத்திவிட்டாள். தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றுப்பட்டது. கோப்பையை நகர்த்தி வைத்தது அவள்தான். செவன் ஹில்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கு சரியாக எரியாததற்கு மட்டும் கவுன்சிலைத் திட்டினார்.

ஒரு சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் கைப்பையைத் துழாவினார். பைபிள் இல்லை. ஒரு விசிட்டிங் காட் இருந்தது. எழுத்துகள் நடுவில் கலைந்து கிடந்தன, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. லோயரின் காட்டாகத்தான் இருக்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனியே இருக்கத் தன்னால் முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சங்கரி வந்ததும் நீட்டினார்.

"எந்த லோயர்ர காட் இது?"

"கண் டொக்டற்ற. உங்களுக்குத்தான் புக் பண்ணினனான், திங்கட்கிழமைக்கு."

"என்ர கண்ணில ஒரு பிழையும் இல்லை. உன்ர நெத்தியிலதான் பிழை. ஏன் பொட்டு வைக்கிறதில்லை?"

"வச்சிருக்கிறனே அப்பா."

அவருடைய விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். விரலுக்குப் பொட்டு தட்டுப்பட்டது.

"இப்பத்தான் ஒட்டியிருப்பாய்" என்றார்.

சங்கரியும் அந்த டொக்டரும் சேர்ந்து என்ன நாடகம் போடுகிறார்கள் என்று பிடிக்கத்தான் திங்கட்கிழமை போனார். டொக்டர் பார்கவி கோயம்புத்தூர்க்காரி. சின்ன மருந்துப் போத்தல் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த மூடி என்ன கலர் அங்கிள்?"

"மண்ணிறம்."

"நல்ல சிவப்பு அங்கிள்."

வரதராஜா போத்தலை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவள் இன்னும் சில சோதனைகள் செய்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணு நரம்பு பாதிச்சிருக்கு. நடுப் பார்வையும் சிவப்பும்தான் முதல்ல போகும். குடி, சிகரெட், சரியாச் சாப்பிடாதது, எல்லாம் சேர்ந்து இப்படிப் பண்ணும். ரெண்டையும் இப்பவே விட்டா கொஞ்சமாவது திரும்பி வரலாம். விடலைன்னா இருக்கிறதும் போயிடும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"எப்பவாவது ஒரு பார்ட்டியில..."

சொல்லிக்கொண்டே, காட்டிக்கொடுக்கப் போகிறாளா என்று சங்கரியின் பக்கம் திரும்பினார். பார்த்த இடத்தில் முகம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது.

"அரைப் போத்தல் விஸ்கி" என்றார் வரதராஜா. பிறகு, "அரை இல்லை, முக்கால். சிகரெட் ஒரு பெட்டிக்கு மேல."

டொக்டர் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழுறியோ?"

"இல்லை" என்றாள் சங்கரி.

முப்பது வருசத்தில் முதல்தடவையாக அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.