ஒரே நாளில் ஒன்பது இடம்

திருப்பதிக்கு வர்றவங்களுக்கு ஒரே நாள்ல ஏழு கோயில் காட்டுற வேன் டிரைவர் நான். அந்தப் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, என் பொண்டாட்டி அலர்மேலுவை முதல் தடவையா சென்னைக்குக் கூட்டிக்கினு போனேன். அவ கேட்டது கடல் மட்டும்தான். நானோ மியூசியம், சாந்தோம் சர்ச், மயிலாப்பூர் கோயில், லைட்ஹவுஸ்னு ஒன்பது இடத்துக்குப் பட்டியல் போட்டேன். எல்லா இடத்துலயும் நான் முன்னாடி விறுவிறுன்னு நடந்தேன். அவ பின்னாடியே ஓடி வந்தா.

கடைசியாத்தான் மெரினா. செருப்பைக் கையில புடிச்சுக்கினு, அலை வந்து கால்ல படட்டும்னு ஈர மணல்ல நின்னா. திருமலையில சாமி முன்னாடி நிக்கவிடாம தள்ளுவாங்களே, அதே மாதிரி நான் கத்தினேன்: "ஜருகண்டி, ஜருகண்டி! டிராபிக் ஆயிடும்!"

அலை வர்றதுக்குள்ள அவ திரும்பிட்டா.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு ரூபா ஆசையா கேட்டா: "சென்னையில இன்னாம்மா பாத்தே?"

அலர்மேலு சேலையில ஒட்டியிருந்த மணலைத் தட்டினா. குரல்ல கோபமே இல்ல.

"உங்க நைனா முதுகைத்தான் பாத்தேன்."