நாலாம் நம்பர் அடிக்குறிப்பு

வியாழக்கிழமை பிற்பகல் சரியாக மூன்று மணிக்குப் பேராசிரியர் சாரங்கபாணியின் தலையில் இடி விழுந்தது.

இடியை இறக்கியது ஒரு நோட்டுப் புத்தகம். இன்டர்மீடியட் முதலாண்டு மாணவி ஆரோக்கியமேரியின் ஆங்கிலக் கட்டுரை நோட்டு. அதில் இரண்டாம் பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில் நாலாம் நம்பர் குறிப்பு.

சாரங்கபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். குறிப்பு அப்படியே இருந்தது.

1937-ஆம் வருஷம், செகந்திராபாத்தில், அந்தக் கல்லூரியின் வைஸ் பிரின்சிபால் நாற்காலி ஜூன் மாதத்திலிருந்து காலியாகக் கிடந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் சாரங்கபாணி அதன் முதுகில் லேசாக விரலை ஓட்டிவிட்டுத்தான் போவார். பிரின்சிபாலும் ஜாடைமாடையாகச் சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை மதராஸ் யூனிவர்சிட்டி கமிஷன் வருது. முதலாண்டுப் பசங்க எப்படிப் படிக்கறாங்க, எப்படி எழுதறாங்கன்னு பார்ப்பாங்க. அவங்க திருப்தியாப் போனா பி.ஏ. வகுப்பு நமக்கு, நாற்காலி உமக்கு."

முதலாண்டுக்கு ஆங்கில வாசிப்பும் எழுத்தும் சாரங்கபாணியின் இலாகா. பன்னிரண்டு வருஷமாக அவர் கையாண்ட முறை எளிமையானது. அவர் சொல்வார், பையன்கள் எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் கொட்டுவார்கள். யாருக்கும் சேதமில்லை. ஆனால் கமிஷன் வருகிறதென்றதும் புதுசாக ஏதாவது காட்ட வேண்டுமே என்று தவித்தார். ஒரு சீமைப் பத்திரிகையில் அகப்பட்டது அந்த யோசனை. ஜூலை மாதம் வகுப்பில் முழங்கினார்:

"இனிமே நீங்க எழுதற ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நம்பர் போடணும். அது எங்கேர்ந்து வந்துதுன்னு பக்கத்தின் அடியிலே எழுதணும். அடிக்குறிப்பு இல்லாத வரி திருட்டு வரி! இது என் சொந்த முறை."

பத்திரிகையின் பெயரை அவர் சொல்லவில்லை.

முதல் மாதம் வந்த குறிப்புகளைப் படித்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். 'இது என் மாமா சொன்னது, மல்காஜ்கிரி பாசஞ்சரில், ஜன்னலோரம்' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'இது கடவுள் கொடுத்த கருத்து. பக்க எண் தெரியவில்லை' என்று இன்னொருவன். ஆனால் சாரங்கபாணிக்குக் கட்டுரைகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. நோட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் 'நன்று'. இன்னும் கனமென்றால் 'மிக நன்று'.

ஆரோக்கியமேரியின் நோட்டைப் படித்ததே தற்செயல். கமிஷனுக்காக எழுதச் சொன்ன கட்டுரைகள் கட்டாக வந்து மேஜையில் இருந்தன. அவள் நோட்டு மேலே இருந்தது. காற்றடித்துப் பக்கம் புரண்டது. கண் போய் விழுந்துவிட்டது.

தலைப்பு 'உழைப்பின் மேன்மை'. அவரே தேர்ந்தெடுத்த தலைப்பு. காரணம், அதே தலைப்பில் அவர் ஆற்றிய சொற்பொழிவு கெட்டி அட்டை போட்டு அச்சாகி, கமிஷன் மெம்பர் ஒவ்வொருவர் மேஜையிலும் வைக்கப்படுவதாக ஏற்பாடு. பேராசிரியரின் ஞானம் மாணவர்கள் வரை பாய்ந்திருப்பதைக் கமிஷன் கண்குளிரக் காண வேண்டாமா?

பாய்ந்துதான் இருந்தது. மூன்றாம் குறிப்பு சாதுவானது: 'உழைப்பின் மேன்மையைப் பற்றி மேடையில் பேசுகிற எவர் கையிலும் நான் கிரீஸ் பார்த்ததில்லை. இதைச் சொன்னவர் என் தந்தை தேவசகாயம், ஃபிட்டர், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்.'

அதன் கீழே நாலாவது:

'இந்த வரியும் இதற்கடுத்த பதினோரு வரிகளும் பேராசிரியர் சாரங்கபாணி அவர்களின் சொற்பொழிவில், ஆறாம் பக்கத்தில் உள்ளன. அதற்கு முன்பு இவை நம் நூலகத்தில், கிழக்கு அலமாரி மூன்றாம் தட்டில், திருமுல்கேரி பாதிரியார் விட்டுச் சென்ற 1861-ஆம் வருஷத்துப் பிரசங்கப் புத்தகத்தில், 212-ஆம் பக்கத்தில் இருந்தன. பாதிரியார் பிரிஸ்டல் என்று எழுதிய இடத்தில் பேராசிரியர் பெல்லாரி என்று எழுதியிருக்கிறார். மற்றபடி வித்தியாசமில்லை.'

சாரங்கபாணி பியூனை விட்டு அவளை அழைத்துவரச் சொன்னார்.

நாற்பத்தோரு பேர் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அவர்களில் வாய் திறக்காதவள் ஆரோக்கியமேரி. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"உள்ளே வாம்மா. இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான் சார்."

"நான் கேட்கறது இந்த நாலாம் நம்பர்!"

"அதுவும் நீங்கதான சார் சொன்னீய. எங்கேயிருந்து எடுத்தியோ அதை எழுது, அது எங்கேயிருந்து வந்துச்சோ அதையும் பாத்து எழுதுன்னு."

சாரங்கபாணி அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்ன நாளை மனதுக்குள் சபித்தார். "அது சரி, அந்தப் புஸ்தகத்தை யாரும் தொடறதே இல்லையே, நீ எப்படி..."

"உங்க லெக்சர்ல பெல்லாரித் துறைமுகத்துல ஆயிரம் கப்பல் நிக்குதுன்னு இருந்துச்சு சார். எங்க சித்தப்பா பெல்லாரில ரயில்வே கார்டா இருக்காவ. லீவுக்குக் கப்பல் பாக்க வரட்டான்னு எழுதிக் கேட்டேன். அங்க கடலே இல்லட்டின்னு பதில் போட்டாவ. அப்போ எந்த ஊர்ல கப்பல் நின்னிருக்கும்னு தேடினேன்."

அவள் குரலில் கேலி துளிக்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"கட்டுரை ரொம்ப நன்னா இருக்கு. இந்த ஒரு குறிப்பு கொஞ்சம் நீளம். எடுத்துடு."

"எடுத்துருதேன் சார். அப்போ மேல அந்தப் பன்னெண்டு வரியையும் எடுக்கணும்லா? குறிப்பு இல்லைன்னா அது..." திருட்டு வரி என்று முடிக்க அவளுக்கு நா எழவில்லை. மரியாதைக்காரப் பெண்.

"இருக்கட்டும், இருக்கட்டும். நோட்டு என்கிட்டயே இருக்கட்டும். நானே திருத்தித் தரேன்." அவள் கண்ணெதிரிலேயே அதைப் பிரவுன் தோல் பையின் இடப்பக்க அறையில் திணித்தார்.

"சரிங்க சார்." போகும்போது அவள் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சாரங்கபாணி அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் அவர் நூலகத்தில் இருந்தார். கிழக்கு அலமாரி, மூன்றாம் தட்டு. பாதிரியார் சீமைக்குத் திரும்பும்போது கல்லூரித் தலையில் கட்டிவிட்டுப்போன புத்தகங்கள். 1861 அங்கேதான் இருந்தது. கையிடுக்கில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"சாப்!" அட்டெண்டர் சின்னசாமி பதிவேட்டை நீட்டினான். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். "புக்கு வெளியே போவணும்னா கையெழுத்து."

"நான் யார் தெரியுமோல்லியோ?"

"ஹவ், ஆமா சாப், தெரியும். பிரின்சிபால் சாபே ஆனாலும் கையெழுத்துதான். இது கைக்கு, எதுக்கு உங்களுக்கு? பாதியைப் பூச்சி படிச்சு முடிச்சிடுச்சே!"

சாரங்கபாணி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தோல் பைக்குள் புத்தகமும் நோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன. பையைப் பூட்டினார். அப்பாடா!

மறுநாள் மீதி நாற்பது நோட்டையும் உட்கார்ந்து திருத்தினார். இந்தத் தடவை தூக்கிப் பார்த்தால் போதாது. கமிஷனுக்குச் சிவப்பு மை தெரிய வேண்டும். ஒவ்வொரு நோட்டிலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், குறிப்புகளுக்குப் பக்கத்தில், 'பார்த்தேன். மிக நன்று. எஸ்.எஸ்.' என்று போட்டுத் தள்ளினார். கை வலித்தது. ஒரு வரி படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கமிஷன் வகுப்பறைக்குள் நுழைந்தது. தலைவர் சீதாராமன், மதராஸில் பெரிய பேராசிரியர். மெலிந்த உடம்பு, மூக்குப்பொடி மணம். கூட இரண்டு மெம்பர்கள். பின்னால் பிரின்சிபால், முகமெல்லாம் பல்.

"அடிக்குறிப்பு முறை உங்க சொந்த யோசனையாமே?" என்றார் சீதாராமன்.

"ஏதோ, அடியேனுக்குத் தோணித்து."

சீதாராமன் நோட்டுக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பெயரைப் பார்த்தார். "மீர் குர்ஷித் அலி யார்?"

பட்டுஷெர்வானியில் ஒரு பையன் எழுந்தான். பட்டான்செருவுக்கு அப்பால் பன்னிரண்டு கிராமத்துக்கு ஜாகீர்தாரின் ஒரே பிள்ளை.

சீதாராமன் இரண்டு பக்கம் படித்தார். புருவம் ஏறியது. "தம்பி, உங்க தகப்பனாருக்கு என்ன உத்தியோகம்?"

"ஜாகீர்தார், சார்."

"இங்கே வேற மாதிரி இருக்கே. 'என் தந்தை தேவசகாயம், ஃபிட்டர், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்'."

பையனுக்கு இங்கிலீஷ் பறந்துபோனது. "நை சாப், இல்ல! அல்லா மேல ஆணை, என் அப்பா ஸ்பானரைக் கண்ணால பாத்ததில்ல!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாரங்கபாணியும் சிரித்தார். முட்டாள் பயல், காப்பியடித்திருக்கிறான். அதுவும் தகப்பனைச் சேர்த்து!

சீதாராமன் அடுத்த நோட்டை எடுத்தார். "லட்சுமணன்? உங்க தகப்பனார்?"

"ஜேம்ஸ் ஸ்ட்ரீட்ல ஜவுளிக்கடை, சார்."

"இங்கே தேவசகாயம், ஃபிட்டர்." இன்னொன்று. "ஜுலைகா? நீயும் தேவசகாயம் பெண்ணா அம்மா?" இன்னொன்று. இன்னொன்று. சீதாராமன் பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "மகா புருஷர் போலிருக்கே! ஒரே வகுப்பிலே நாற்பது குழந்தைகள்!"

பிரின்சிபாலின் பற்கள் உள்ளே போயின.

சாரங்கபாணியின் சிரிப்பு அப்போதுதான் பாதியில் நின்றது. மூன்றாம் நம்பரை எழுத்துப் பிசகாமல் காப்பியடித்தவர்கள் நாலாம் நம்பரை விட்டிருப்பார்களா?

சீதாராமனின் விரல் பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"பிரிஸ்டல்... பெல்லாரி..." அவர் முணுமுணுத்தார். மேஜைமேலிருந்த கெட்டி அட்டைச் சொற்பொழிவை எடுத்து ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். "ஆயிரம் கப்பல். ஆமாம், நிக்கறது." பிறகு நோட்டைச் சாரங்கபாணி பக்கம் திருப்பிப் பிடித்தார். "இந்தக் குறிப்புக்குப் பக்கத்திலே சிவப்பு மையிலே 'பார்த்தேன். மிக நன்று. எஸ்.எஸ்.'னு இருக்கே. எஸ்.எஸ். நீங்கதானே?"

"அது... பசங்க விஷமம்..."

"நாற்பது நோட்டிலேயும் மிக நன்று. தாராள மனசு சார் உங்களுக்கு. அந்த 1861-ஐக் கொஞ்சம் பார்க்கலாமா?"

சின்னசாமி வந்தான், வெறுங்கையோடு அல்ல, பதிவேட்டோடு. "புக்கு இல்ல சாப். வியாழக்கிழமை நம்ம புரொபசர் சாப் எடுத்துட்டுப் போனாரு. இதோ கையெழுத்து. பூச்சி அரிச்சதுன்னு நான்கூடச் சொன்னேன்."

சாரங்கபாணியின் கால் தானாகவே பையை மேஜைக்கு அடியில் தள்ளியது.

"போகட்டும்," என்றார் சீதாராமன். "நாற்பது பேர் காப்பியடிச்சா, நாற்பத்தோராவது ஆள் ஒருத்தர் யோசிச்சிருக்கணுமே. வகுப்பிலே தலை நாற்பத்தொண்ணு. நோட்டு நாற்பது. நிஜ தேவசகாயத்தோட பிள்ளை யார்?"

முதல் பெஞ்சில் ஆரோக்கியமேரி எழுந்தாள்.

"உன் நோட்டு எங்கேம்மா?"

"சார்கிட்ட குடுத்தேன் சார்." பிறகு, மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்தபடியே, முழுக் குறிப்பையும் ஒப்பித்தாள். "வியாழக்கிழமை, மூணே கால் மணி, ஸ்டாஃப் ரூம், ஜன்னலோர மேஜை. சார் அதைப் பிரவுன் கலர் தோல் பைல, இடப்பக்க அறையில வச்சாவ. அதுக்கு முன்னாடி திங்கக்கிழமையிலேயிருந்து புதன் வரைக்கும் வகுப்பு முழுக்கச் சுத்துச்சு. கேட்டாவ, குடுத்தேன். அடியில என் பேரைப் போடுவாவன்னு நெனச்சேன்."

நாற்பது தலைகள் குனிந்தன.

சீதாராமன் பையைப் பார்த்தார். பிரின்சிபால் பையைப் பார்த்தார். சின்னசாமி உதவி செய்கிற நினைப்பில் குனிந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தே விட்டான். சாவி சாரங்கபாணியின் பூணூலில் தொங்கியது. வகுப்பு முழுக்கப் பார்க்க, சட்டைக்குள் கைவிட்டு அவர் அதைத் தேட வேண்டியிருந்தது.

நோட்டு வந்தது. அதன் கீழே 1861 வந்தது, உதிர்ந்துகொண்டே.

கமிஷன் அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. பி.ஏ. வகுப்புக்கு அனுமதி உண்டு. அடிக்குறிப்பு முறை மிகச் சிறந்தது, தொடரலாம். முதலாண்டு வகுப்பை மட்டும் வேறொருவர் எடுக்கட்டும். நாற்காலியைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. அதில் கணிதப் பேராசிரியர் உலகநாதன் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் அதன் முதுகைத் துடைத்தார். யாரோ விரலால் ஓட்டிய தடம் இருந்ததாம்.

பிரின்சிபால் சாரங்கபாணியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். திருப்தியாக இருந்தால் வேலையாவது மிஞ்சும் என்றார்.

சாரங்கபாணி அன்று மாலை வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சொந்தமாக ஒரு வரி வரவில்லை. கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு ரெஜிமென்டல் பஜாருக்கு நடந்தார். எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் மாதிரிக் கடிதங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, 'மேலதிகாரிக்கு மன்னிப்புக் கடிதம்' என்பதை அழகான கையெழுத்தில் நகல் எடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை கடிதம் திரும்பி வந்தது. அதில் ஒரு வரியின் கீழே பிரின்சிபால் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்: 'மழையில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகள் நனைந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே.'

கோட்டின் முடிவில் சின்னதாக ஒன்று என்ற நம்பர். பக்கத்தின் அடியிலும் அதே நம்பர். அதற்கு எதிரே பிரின்சிபால் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.