டார்ச் பிடிக்கத் தெரியாதவள்

ஆயுள் முழுக்க வீடு வீடாக வயரிங் செய்தவரைத் துடிக்கும் விளக்கின் முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே மனுஷர் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"லூஸ் கனெக்‌ஷன். இப்படியே விட்டா ஃபியூஸ் போயிடும்" என்றார் அதிகாரமாக.

அல்சைமர் நோய்க்கு மருந்து மாத்திரை இல்லாமல், விட்டுவிட்டு வேகமாக எரியும் வெளிச்சத்தையும் அதே தாளத்தில் ஒலிக்கும் சத்தத்தையும் கொடுத்துப் பார்க்கும் சிகிச்சை அது. பலிக்குமா என்பது அவர்களுக்கே இன்னும் தெரியாது. ஆனால் கட்டிய பெண்டாட்டியையே "நீங்க யாரும்மா? உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்கிற புருஷனை வைத்துக்கொண்டு, மனைவி எந்தக் கதவைத்தான் தட்டாமல் இருப்பாள்?

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் சுவிட்ச் பெட்டியையே கழற்றிவிட்டார்.

"இந்த வாரமும் உட்காரலைன்னா இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கணும்மா" என்றார் பெரிய டாக்டர்.

சிகிச்சை கொடுக்கும் பெண் மட்டும் அசரவில்லை. அவளை என்ன சொல்லிப் பாராட்டுவது! நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, இந்த லைட்டு ஒரே சீரா துடிக்குதா, நடுவுல எங்கயாவது பிசகுதான்னு பார்த்துச் சொல்றீங்களா? கை மட்டும் வச்சிடாதீங்க, பவர் இருக்கு."

அவ்வளவுதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. அவர் வேலையில் மூழ்கிக் கிடக்கும் அழகைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று மனைவி பூரித்துப் போனாள்.

வாரங்கள் ஓடின. ஒருநாள் அந்தப் பெண் மனைவியிடம், "இவர் வீட்டுல ரிப்பேர் பார்க்கறப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"டார்ச் பிடிப்பேன். திட்டு வாங்குவேன்."

அடுத்த முறை சிகிச்சை முடிந்து விளக்கு அணைந்ததும், மின்சாரம் இல்லாத பழைய சுவிட்ச் போர்டு ஒன்றை மேஜைக்கடியில் மாட்டி வைத்து, அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரையும் மனைவி கையில் டார்ச்சையும் கொடுத்தாள் அந்தப் பெண். அவர் குனிந்து உள்ளே தலையை விட்டார். மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி டார்ச் அடித்தாள். வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது.

"நேரா பிடிடி! கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், உனக்கு ஒரு டார்ச் பிடிக்கத் தெரியலை!"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை, அதற்கு நேரமில்லை. டார்ச்சை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஆட்டினாள்.