வராதவர்கள் கணக்கு

அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில் அவளுக்கு இன்றும் குழப்பம்தான். குடையைக் கடையில் மறந்துவிட்டு வந்ததாக ஒரு ஞாபகம். வெயிலில் கண் கூச நடந்ததாக இன்னொன்று. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை, ஒரு பக்கக் கால் கழன்றுபோனதால், சரிசெய்யக் கொண்டுபோனது மட்டும் நிச்சயம். கடைக்காரர் கடுகளவுத் திருகாணியை இடுக்கியால் எடுத்துத் துளையில் வைத்துத் திருகிக்கொண்டே சீட்டியடித்தார். அந்தச் சீட்டியை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள்.

போதையிலிருந்து மீள வருகிறவர்களைப் பற்றி ஆராய்வது அவள் வேலை. மருத்துவமனையின் பின்பக்கம் இரண்டு அறைகள். சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாராவாரம் சின்னக் குப்பியில் சிறுநீர் கொடுப்பார்கள். போதை தெரிந்தால் ஒரு குறி, தெரியாவிட்டால் வேறு குறி. வராமல் போனவர்களுக்கும் ஒரு விதி உண்டு. வராதவன் போதையை விட்டுவிட்டான் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே மறுபடி தொட்டுவிட்டான் என்றே கொள்ள வேண்டும். மருத்துவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளாமலிருக்க வந்த விதி அது. கருத்தரங்குகளில் அதற்காக அவள் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியிருக்கிறாள்.

வீட்டுக்கும் அந்த விதியைக் கொண்டுவந்திருந்தாள். அதே சிகிச்சை முடிந்து வேறு ஊருக்குப் போன தம்பி, பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுசாகப் போவதற்குள் அவன் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பார்.

“நல்லா இருந்தா வந்திருப்பான்ப்பா. அந்தக் கோலத்துல அவனை நீங்க பார்க்க வேண்டாம்.”

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார்.

“மேடம், என்னை அடையாளம் தெரியல இல்ல?” என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

தெரிந்துவிட்டது. குப்பி கொடுக்கும் வரிசையில் இவருக்குச் சீட்டி என்றே பெயர். அப்போது அந்தக் குப்பியைப் பிடிக்கவே கை நடுங்கும். திடீரென்று ஒருநாள் நின்றுபோனார். கடையில் வேறு யாரும் இல்லை.

“நான் வராததுக்கு என்னன்னு எழுதினீங்க?”

“மறுபடி ஆரம்பிச்சுட்டீங்கன்னு.”

“செத்துட்டேன்னு எழுதலையே, அந்த மட்டும் சந்தோஷம்.” கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாயிட்டேன், அதான் வரல. அந்த வரிசையில முன்னாடியும் பின்னாடியும் பழைய கூட்டாளிங்க. உள்ள உங்ககிட்ட நல்ல பேரு வாங்கிட்டு, வெளிய அவங்ககூடத்தானே நடக்கணும்?”

அவள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இன்னும் எத்தனை பேர்? அந்தக் கேள்வி வழியெல்லாம் கூடவே நடந்துவந்தது. வீட்டுப் படியேறும்போது அது வேறு கேள்வியாகிவிட்டிருந்தது. கதவைத் திறக்காமல் படியிலேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

“அக்கா? அப்பாவுக்கு ஏதாவதா?”

“அதெல்லாம் இல்லடா. எப்படி இருக்கேன்னு கேக்கலாம்னு.”

“ஏன், உன் ஆராய்ச்சிக்கு ஆள் குறையுதா?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் பக்கத்தில் ஏதோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடுவதற்கு எழுந்துபோனவன் திரும்பி வந்து சொன்னான்.

“நடுவுல நல்லாத்தான்க்கா இருந்தேன். ரொம்ப நாள். வேலைக்குப் போனேன், வாடகை குடுத்தேன். நீங்க யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன். இப்ப கொஞ்ச நாளா... இல்ல.”

தான் நினைத்தது தப்பா, சரியா? இரண்டும்தான். இரண்டையும் சேர்த்துப் போட ஒரு குறி அவளிடம் இல்லை.

“வாடா.”

“இப்படியேவா?”

“இப்படியே வா.”

சீட்டி இன்றும் அதே கடையில் இருக்கிறார். குப்பி கொடுக்க ஒருநாளும் வரவில்லை. விதி மாறவில்லை. வராதவர்களைத் தேடிப்போய்க் கேட்கும் ஆராய்ச்சி ஒன்றை அவள் தொடங்கினாள்; சிலர் கதவைத் திறந்தார்கள், சிலர் திறக்கவில்லை. தம்பி வந்தான். அப்பா அவன் தாடையைப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி சிகிச்சை எடுக்கிறான். சில ஞாயிறுகளில் வருகிறான், சில ஞாயிறுகளில் இல்லை. அப்பாவுக்கு இப்போது நிழல்கள் மட்டும்தான். கண்ணாடியை என்னவோ கழற்றுவதில்லை. அவன் வராத ஞாயிறுகளில் படியில் காலடிச் சத்தம் கேட்டால் “அவனா?” என்பார்.

“தெரியலப்பா,” என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.