நன்றியுரையில் ஒரு ஜீப்காரன்

பார்சல் ஜீப் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. ஜீப்காரன் வண்டிச் சாவியால் ஒட்டுத்தாளைக் கிழித்தபோது மற்ற டிரைவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கெட்டி அட்டைப் புத்தகம் இருந்தது. எல்லையோர மலையில் வாழும் மூன்று இனங்களின் வரலாறு, நானூறு பக்கம், தலைநகரத்துப் பாஷையில். நன்றியுரையில் அவன் பெயர் இருந்தது. இரண்டு பேராசிரியர்களுக்கு அடுத்தபடியாக, மூன்றாவது வரியில்.

"இனிமே உன்னை 'வாப்பா'ன்னு கூப்பிடலாமா, 'வாங்க ஐயா'ன்னுதான் கூப்பிடணுமா?" என்றான் பக்கத்து வண்டிக்காரன்.

ஜீப்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த ஒரு மாதம் புத்தகம் மருந்துக்கடை, தபால் நிலையம், பள்ளிக்கூடம் என்று கைமாறி, கடைசியில் பதிவு அலுவலக எழுத்தரிடம் போய்ச் சேர்ந்தது. யாரிடம் கொடுத்தாலும் நன்றியுரைப் பக்கத்தை அவனே திறந்து காட்டித்தான் கொடுத்தான். மற்ற பக்கங்களை அவன் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவன் கடை கடையாக ஏறி இறங்கிச் செய்தான்.

புத்தகம் எழுதிய பெண்ணை மலையில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான்கு கோடைக்காலம் அவன் அவருக்கு வண்டி ஓட்டினான், வாயாகவும் இருந்தான். மேட்டார் பேச்சு வேறு, ஆற்றோரத்தார் பேச்சு வேறு, கணவாய்க்கு அந்தப் பக்கத்தார் பேச்சு வேறு. மூன்றும் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு, தலைநகரத்துப் பாஷையும் பேசப் படிக்க வரும். ஒரு மேய்ச்சல் நிலம் யாருடையது என்று கேட்டால் மூன்று இனமும் மூன்று கதை சொல்லும். மூன்றையும் டீச்சர் எழுதிக்கொள்வார். எதுதான் சரி என்று அவன் கேட்டால், "மூணும் சேந்ததுதான் வரலாறு அண்ணே" என்று சிரிப்பார். அவனுக்குத் தங்கை கிடையாது. டீச்சர் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டபோது, கிடைத்துவிட்டாள் என்று நினைத்தான்.

மூன்றாவது கோடையில் ஒருநாள் மண் சரிந்து சாலை அடைபட்டது. மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் வண்டிக்குள் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தன் அப்பா வீட்டை விட்டுப் போன கதையைச் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவனுக்கு மனம் வரவில்லை. பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. அவனிடம் இருந்த பெரிய கதை ஒன்றே ஒன்றுதான். சண்டை மூண்ட வருஷம் இங்கே குடியிருந்த அந்தப் பக்கத்தார் ஒரே நாளில் கணவாய் ஏறி ஓடினார்கள். ஓடும்போது சுகாதார நிலையத்துப் படியில் ஒரு கைக்குழந்தையை விட்டுப் போனார்கள். அங்கே வேலை பார்த்த நர்ஸ் பிறப்புப் பதிவேட்டை எடுத்து, தான் பெற்ற பிள்ளை என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அந்த நர்ஸ்தான் அவனுடைய மாமியார். அந்தக் குழந்தை அவனுடைய மனைவி. கல்யாணத்துக்கு முதல் நாள் மாமியார் அவனிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. மனைவிக்கே தெரியாது.

"இது உங்க காதோட போகட்டும் டீச்சர்."

டீச்சர் பேனாவை மூடினார். மூடிய பேனாவை அவன் நம்பினான்.

மனைவி பெயருக்குப் பதிவு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்த அன்றுதான் அவன் புத்தகத்தைத் திரும்ப வாங்கி முழுக்கப் படித்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது: படிக்கட்டு, பதிவேடு, நர்ஸ், வளர்ந்து தையல்காரியான குழந்தை. தாயும் மகளும் விசாரணைக்கு வர வேண்டும் என்றது நோட்டீஸ். பெற்ற மகள்தான் என்று நிரூபிக்காவிட்டால் குடியுரிமை அட்டை ரத்து. அட்டை போனால் அவளைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே அவளுக்கு யாரைத் தெரியும்? அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவளுக்கு வராது.

டீச்சருக்குப் போன் போட்டான்.

"பேரெல்லாம் மாத்திட்டேனே அண்ணே. யாருன்னு எப்படித் தெரியும்?"

"இங்க இருந்ததே ஒரே ஒரு நர்ஸ்தான் டீச்சர்."

"அது இல்லேன்னா அந்த அத்தியாயமே நிக்காதுண்ணே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

எதிரி செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பான். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்துவிட்டுப் போயிருந்தார் டீச்சர்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். மனைவி நோட்டீசோடு தன் அம்மா முன்னால் போய் நின்றாள். மாமியார் மறைக்கவில்லை, ஆமாம், பெறவில்லை, வளர்த்தேன் என்றார்.

"என்கிட்ட சொல்ல வாய் வரல. ஊர் பேர் தெரியாத டீச்சர்கிட்ட சொல்ல வந்துச்சா? உன்னை விட்டா இது வேற யாருக்கும்மா தெரியும்?"

மாமியார் அவன் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "வயசாயிடுச்சுடி. வாய் தவறிடுச்சு," என்றார்.

நாற்பத்து மூன்று வருஷம் வாய் தவறாத மனுஷி. அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். நான்தான் என்ற ஒரே வார்த்தை போதும். நாலு பாஷை பேசுகிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டீச்சர்மேல் குற்றம் கண்டவனுக்குத் தன்னைத் திட்டிக்கொள்ள வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் மகள் தாயிடம் பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான். மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டிருந்தார்.

விசாரணைக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரம், மனைவி தையல் மெஷின் மேல் புத்தகத்தை வைத்தாள். "எனக்கு இந்தப் பாஷை வராது. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நாளைக்கு அங்க போய் நிக்க மாட்டேன். படிங்க."

அவன் படித்துச் சொன்னான். படிக்கட்டு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கம் முடிந்தது.

"கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே."

"அது ஒண்ணுமில்ல."

"அதையும் படிங்க."

உள் அறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "போதும் மாப்பிள்ளை. வெளிச்சம் போயிடுச்சு."

என்ன வேண்டுமானாலும் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் உள்ளேயிருந்து வந்த அந்தக் குரல் கெஞ்சியது. அவனுக்காகக் கெஞ்சியது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"தகவல் சொன்னவர், ஜீப் ஓட்டுநர். கணவாய்ச் சாலை, மூன்றாம் கோடை," என்று படித்தான்.

அவள் புத்தகத்தை மூடினாள். எழுந்து உள் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அழுகைச் சத்தம் வந்தது. யாருடையது என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, முன்கதவைத் திறந்து வைத்தான். மனைவி அதைக் கவனிக்காதது போல் சுற்றிக்கொண்டு போய், தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"பதிவு ஆபீசுக்குப் போகணும் டிரைவர்," என்றாள். "வண்டிய எடுங்க."

எடுத்தான். முதல் வளைவில் கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, முகத்தை ஒரே மாதிரி வெட்டி வெளியே திருப்பியிருந்தார்கள். பெற்ற மகள்தான் என்று எந்த அதிகாரியும் அடித்துச் சத்தியம் செய்வான்.